செல்வகுமாரியின் பத்து விரல்கள்

செல்வகுமாரி சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அது முப்பத்தெட்டு நாள் நீடித்தது.

புதுச்சேரிப் பக்கம் உறுவையாறு என்ற எங்கள் ஊரில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவளுடையது. நாங்கள் ஒரே வயது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பள்ளி. அதன் பிறகு என்னைப் பாண்டியில் தமிழோடு பிரெஞ்சும் சொல்லித்தரும் பள்ளியில் சேர்த்தார்கள். அவள் வில்லியனூர் அரசுப் பள்ளிக்குப் போனாள். காலையில் நான் பல் துலக்க வெளியே வரும்போது அவள் இரண்டு மாடுகளிலும் பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு, காலித் தூக்கோடு திரும்பிக்கொண்டிருப்பாள். சாணம் அள்ளி, வாசல் பெருக்கிக் கோலம் போட்டு, உலை வைத்து, துணி துவைத்து எட்டு மணிப் பேருந்தைப் பிடிப்பாள். அவள் அம்மா அமுதம் பெரியம்மாவுக்கு மூட்டு வலி. குத்த வைத்து உட்கார முடியாது. அப்பா தணிகைவேல் பெரியப்பாவுக்கு இரண்டு காணி நிலம். விடிந்தால் அவர் பயிர்க் கொல்லையில் இருப்பார். மீதி எல்லாம் செல்வியின் கையில்தான்.

அவள் அதைப் பெருமையாகவும் சொல்லமாட்டாள், குறையாகவும் சொல்லமாட்டாள். பேசும்போதுகூட அவள் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். கீரை ஆயும், அல்லது கயிறு முறுக்கும். ஒன்றும் இல்லையென்றால் என் துப்பட்டாவில் பிரிந்த நூலை இழுத்து முடி போடும்.

கல்லூரியில் நிலவியல் எடுத்தாள். கடைசி வருடம் ப்ராஜெக்டுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் கிளம்பி, எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் நாற்பத்திரண்டு கிணறுகளிலும் ஆழ்துளைப் போர்களிலும் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து நோட்டில் குறித்தாள். இரும்புக் குண்டு கட்டிய டேப்பை இறக்கி, அது தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். ஆரம்பத்தில் சிரித்தவர்கள், கோடை வந்ததும் அவளைத் தேடி வந்தார்கள். "எங்க கொல்லைல எறங்கிடுச்சா பாப்பா? இன்னும் எத்தினி நாளிக்கி வரும்?" என்று கேட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்த அவளுடைய பேராசிரியை, பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் நிலத்தடி நீரைப் பற்றி ஆங்கிலத்திலேயே படிக்க முதுகலை இருக்கிறது, விண்ணப்பித்துப் பார் என்றார். பார்த்தாள். இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. செப்டம்பர் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், பிறகு வந்தால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. இனி விசா மட்டும்தான் பாக்கி.

இது கடந்த ஆண்டு ஜூலையில் நடந்தது. பாண்டியில் இருக்கும் விசா மையத்தில் ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமைக்கு நேரம் கிடைத்தது. படிவத்தை நிரப்ப நான் உதவினேன். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால், தாளில் இருந்த எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று அந்த வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

அதற்கு எட்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய மாமா குமரவேல் திருக்கனூரிலிருந்து வந்திருந்தார். மின்துறையில் லைன்மேன். எதையும் கம்பத்தின் மேலிருந்து பார்த்தவர்போல உறுதியாகப் பேசுவார்.

"அடுத்த திங்கக்கெழம ஆபீஸ் போவீங்க. சரி. அவன் எப்ப வூட்டுக்கு வருவான்?" என்று கேட்டார்.

"யாரு மாமா?"

"விசாக்காரன்தான். பாஸ்போர்ட்டு நம்ம கவர்மெண்ட்டு. அதுக்கே போலீஸ் வந்து வூட்டப் பாத்துட்டுப் போனான். விசா வேத்து தேசம். அவன் வராம வுடுவானா?"

போலீஸ் வந்த கதை தெருவுக்கே தெரியும். பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு காவலர் மழைக்காலத்தில் சொல்லாமல் வந்தார். சுவர் முழுக்கப் பாசி. வாசலில் சாணிக் குவியல். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்த நேரம், கன்றுக்குட்டி பின்னாலிருந்து அவர் சட்டை நுனியை வாயில் கவ்விக்கொண்டது. அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். தணிகைவேல் பெரியப்பாதான் அவமானத்தில் அன்று சாப்பிடவில்லை.

"வரமாட்டாங்க மாமா. எல்லாம் ஆபீஸ்லயே முடிஞ்சிடும்" என்றாள் செல்வி.

"சொல்லிட்டு வந்தா இவ கூட்டிப் பெருக்கி வைப்பான்னு அவனுக்குத் தெரியாதா? சொல்லாமத்தான் வருவான். ஏம்மா சுவேதா, தாள்ல இன்னா போட்டுக்கீது?"

"அப்படி எதுவும் போடலிங்க" என்றேன்.

"பாத்தியா? போடல. போடாததுதான் திடீர்னு வந்து நிக்கும்."

செல்வி சிரித்தாள். ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வில்லியனூரிலிருந்து ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பும் நீலப்பொடியும் வந்தன.

கொல்லையில் அறுவடை நேரம். பெரியப்பாவால் வர முடியாது. பெரியம்மாவால் ஏணி ஏற முடியாது. வியாழனும் வெள்ளியும் செல்விதான் வெள்ளையடித்தாள். முன்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் பிரஷ் வைத்தாள். மாட்டுக்கொட்டகைச் சுவரும் சுற்றுச்சுவரும் மேடும் பள்ளமுமாக இருக்கும், பிரஷ் ஓடாது. சாக்குத்துணியைச் சுண்ணாம்பில் முக்கி, வெறுங்கையாலேயே அப்பித் தேய்த்தாள்.

அந்த வாரம்தான் நான் விசா மையத்தின் அறிவுரைத் தாளைக் கடைசி வரை படித்தேன். விரல்களில் மருதாணி, வெட்டுக்காயம், தோல் உரிதல் இருந்தால் ரேகை பதிவாகாது என்று ஒரு வரி இருந்தது. ஆடி மாதம் பிறந்திருந்தது. தெருவில் எல்லார் கையும் சிவந்திருந்தது. அதனால் நான் வீட்டுக்குள் தலையை நீட்டி, "பெரியம்மா, செல்விக்கு மருதாணி மட்டும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மற்ற இரண்டையும் சொல்லத் தோன்றவில்லை.

பெரியம்மா அதைக் கட்டளைபோல எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு ஜெயசுதா அக்கா அரைத்த மருதாணியைக் கிண்ணத்தில் எடுத்து வந்தபோது, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"எம் பொண்ணு கையில ஒரு பொட்டுகூட வைக்கக்கூடாது ஜெயசுதா. விசா போயிடும். சுவேதா படிச்சிட்டுச் சொல்லிச்சி."

அந்த நேரத்தில் செல்வி முழங்கை வரைக்கும் சுண்ணாம்பாகக் கொட்டகைக்குள் நின்றிருந்தாள்.

இரவு கை எரிகிறது என்றாள். தேங்காய் எண்ணெய் தடவினார்கள். சனிக்கிழமை விரல் நுனிகளில் தோல் வெளுத்து உரிந்தது. ஞாயிறு அன்று அவள் போன் விரல் வைத்தால் திறக்கவில்லை. "போன் பழசாயிடுச்சிடி" என்று நம்பர் போட்டுத் திறந்துகொண்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் போனோம். விசா மையத்தில் துணைக்கு வந்தவர்களுக்கு வாசலை ஒட்டி ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கவுண்டர்கள். உள்ளே போனவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெருவில் இறங்கி, நிழலில் நின்ற பிறகுதான் சொன்னாள்.

"பேப்பர் எல்லாம் சரியாத்தான்டி இருந்துச்சு. கைரேகை வுழல. வச்சி வச்சி எடுத்தாங்க. செவப்பு வெளக்கே எரியுது. கையில என்ன ஆச்சுன்னு கேட்டாங்க. சுண்ணாம்பு அடிச்சேன்னு சொன்னேன். இப்ப எதுக்கும்மா சுண்ணாம்பு அடிச்சீங்கன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க வூட்டுக்கு வருவீங்கன்னுதான் அடிச்சோம்னு எப்டிடி சொல்றது? தல குனிஞ்சிக்கினு நின்னேன்."

பத்து விரலும் பதியாமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது. தோல் ஆறியதும் வரச் சொல்லி, அடுத்துக் காலியாக இருந்த நாளைக் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினொன்று. விரல் பதிந்த பிறகு விசா வரப் பதினைந்து நாளாவது ஆகும். ஐந்தாம் தேதிக்குள் அங்கே இருக்க வேண்டும். இரண்டு பேரும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினோராம் தேதி ரேகை விழவில்லையென்றால் பிறகு விழுந்து பயனில்லை.

பேருந்தில் நான், "தப்பு என்னுதுதான். தாள்ல தோல் உரியறதும் போட்டிருந்துச்சு" என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "நீ மருதாணி வைக்காதன்ன. நான் வைக்கல. வுடு" என்றாள். மடியில் மல்லாந்து கிடந்த விரல்களில் ஒன்றை ஒன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். நுனிகள் வழவழவென்று, பீங்கான்போல இருந்தன.

வீட்டில் பெரியப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, வெயிலில் கண் கூசும்படி நின்ற சுவரைப் பார்த்தார். பிறகு, "அப்ப யாரும் வரமாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வரமாட்டாங்கப்பா."

மாலை மாமாவே பைக்கில் ஓடி வந்தார். உட்கார்ந்து நடந்ததை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து நின்று, மின்சாரத்தை நிறுத்துகிறவர்போலக் கையை உயர்த்தினார். "தப்பு எம்மேலதான். ஒத்துக்கறேன். இன்னிலேர்ந்து இந்தப் பொண்ணு எதையும் தொடக்கூடாது. தண்ணி, சோப்பு, மொளவாத்தூள், சாணி, வெளக்கமாறு, எதையும். நான் ஒர்நாள் வுட்டு ஒர்நாள் வந்து பாப்பேன்."

மறுநாள் வில்லியனூர் ஆஸ்பத்திரியில் டாக்டரும் ஏறக்குறைய அதையே சொன்னார். வாசலின் தடவி, கையை ஈரப்படாமல் வைத்திருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் புதுத் தோல் வந்துவிடும், ரேகையும் வந்துவிடும் என்றார்.

பெரியம்மாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "அதே ரேகைதான் வருமா டாக்டர்? மாறி வேற யாருதாவது வந்துட்டா?"

"வேற யாருது வரும்? அவங்களுதேதாம்மா வரும்" என்று டாக்டர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. அன்று மாலை முத்துமாரியம்மன் கோயிலில் விளக்கேற்றும்போதும், "அவளுதேவா குடு தாயே" என்றுதான் வேண்டிக்கொண்டார்.

அப்படித்தான் செல்வகுமாரி உட்கார்ந்தாள்.

முதல் நான்கு நாள் குழம்பு பட்டாலே விரல் எரிந்தது. பெரியம்மா பிசைந்து ஊட்டினார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது கூச்சமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். கோலம் நின்றுபோயிற்று. பிறகு ஜெயசுதா அக்கா தன் வாசலுக்குப் போடும்போது இங்கேயும் நாலு புள்ளி வைத்து இழுத்துவிட்டுப் போனார்.

"கல்யாணப் பொண்ணுகூட இப்டி கால நீட்டிக்கினு ஒக்காந்து நான் பாத்ததில்லடி. வெசிறி விடட்டுமா மகாராணி?"

"போங்கக்கா. எனுக்கே வெக்கமா கீது."

"எங்க வூட்டுக்காரன் இத்தினி வருசமா ஒக்காந்துக்கினு கெடக்கறான். அவனுக்கு வெக்கமா கீதா? நீ இன்னாடி இருவது நாளுக்கே இப்டி பண்ற?"

மாடுகள்தான் ஒத்துழைக்கவில்லை. அதிலும் செவலை மாடு, பெரியப்பா பக்கத்தில் வந்தாலே காலை உதைத்தது. மடியில் பாலை அடக்கிக்கொண்டது. அவர் இரண்டு நாள் அரைத் தூக்குப் பாலோடு சங்கத்துக்குப் போய்த் தலையைச் சொறிந்தார். மூன்றாம் நாள் செல்வி தன் பழைய துப்பட்டாவை எடுத்து அவர் தலையில் முக்காடாகப் போட்டு, "பேசாம கறங்கப்பா. குரல் குடுக்காதீங்க" என்றாள். செவலை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பால் விட்டது. மஞ்சள் பூப்போட்ட துப்பட்டாவோடு பெரியப்பா உட்கார்ந்திருந்ததை ஜெயசுதா அக்கா சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டார். அன்று முதல் தெருவில் அவரை யார் பார்த்தாலும் சிரித்தார்கள். அவர் கவலைப்படவில்லை. பால் வந்தது, அது போதும்.

செல்வியால்தான் தாங்க முடியவில்லை. அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுப்படிக்குப் போவதை உட்கார்ந்தபடி பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் நான் போனபோது, எச்சில் தட்டை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரியம்மா உள்ளேயிருந்து போட்ட சத்தத்தில் தட்டு கீழே விழுந்தது.

"எதுக்குடி இப்ப இது? உன்ன யாரு கேட்டா?"

"நீ நொண்டிக்கினு நடக்கற. நான் குந்திக்கினு பாக்கணுமா?"

"பாரு. இருவது நாளு பாரு. நீ போனதுக்கப்பறம் நான் நடக்காமயா இருக்கப் போறன்?"

செல்வி போன பிறகு அந்த வீடு எப்படி ஓடும் என்பதைப் பற்றி அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அன்று சாயங்காலமே பெரியப்பா குழாயடியில் உயரமாக ஒரு கல்மேடை கட்ட ஆரம்பித்தார், பெரியம்மா நின்றபடியே பாத்திரம் தேய்க்கும்படி. செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு விரக்கட ஏத்துங்கப்பா, அம்மாவுக்கு இடுப்பு வளையக்கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலைகளில் நான் போய்ப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தேன். புத்தகத்தின் பக்கத்தை நான் புரட்டுவேன், அவள் படிப்பாள். காலை வணக்கம் சொல்லவும், வழி கேட்கவும், அந்த மொழியில் சிக்கலான, எழுபதுக்கு மேற்பட்ட எண்களைச் சொல்லவும் அந்த நாட்களில்தான் கற்றாள். அதற்கு முன் அவளுக்கு நேரம் இருந்ததே இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை என் ஜன்னலுக்கு வெளியே, "சுவேதா, சுவேதா" என்று மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். கட்டைவிரலை வைத்தாள். போன் திறந்தது. மூடினாள், வைத்தாள், மறுபடியும் திறந்தது. எட்டுத் தடவை செய்து காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்து மறைத்துக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொரு விரலாகப் போனில் புதிதாகப் பதிந்து பார்த்தோம். பதினாறாம் நாளுக்குள் எட்டு விரலைப் போன் ஏற்றுக்கொண்டது. வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் ஏற்கவில்லை. சாக்குத்துணியை அழுத்திப் பிடித்த விரல்கள் அவை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

பதினேழாம் நாள் மதியம். அறுத்த நெல் சாலையில் ஓரமாக நூறடி நீளத்துக்குக் காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே ஒன்றுமில்லை, தெற்கே ஒன்றுமில்லை, தலைக்கு மேல் மட்டும் கறுத்து, தடதடவென்று கொட்ட ஆரம்பித்தது. பெரியப்பா நெல் தள்ளும் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஜெயசுதா அக்காவும் ஓடித் தார்ப்பாயை இழுத்தோம். பெரியம்மா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

செல்வி வெளியே வந்தாள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். குனிந்து இரண்டு கையாலும் நெல்லை வாரித் தார்ப்பாய்க்குள் தள்ள ஆரம்பித்தாள்.

பெரியப்பா அவளைப் பார்த்துவிட்டார். பலகையைப் போட்டுவிட்டு நேராக வந்து, அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். நெல்லின் கூர்முனை குத்தினால் விரல் கிழியும் என்று அவருக்குத் தெரியும்.

"நெல்லு போனா போவுதுடி! கைய மேல தூக்கு! மேல தூக்கு சொல்றேன்!"

மழையில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. நான் பார்த்த வரை அவர் நெல்லைக் காலால் மிதித்ததுகூட இல்லை. செல்வி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் பைகளின் மேல் மழை சடசடவென்று விழுந்தது. பெரியப்பா திரும்பவும் பலகையை எடுத்தார். கால் பங்கு நெல் நனைந்து சாக்கடையோரம் ஓடியது. மழை விட்டதும் அவர் மகளை உள்ளே கூட்டிப்போனார். பைகளைக் கழற்றி விரல்களைத் துண்டால் ஒற்றி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

ஆகஸ்ட் பதினொன்று அன்று பெரியப்பாவும் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேருந்தில் கம்பியைக்கூடப் பிடிக்கவிடாமல் மகளை உட்கார வைத்து, தான் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். அன்று காலையும் அந்த இரண்டு விரல்களைப் போன் ஏற்கவில்லை.

அவள் உள்ளே போனாள். நானும் அவரும் நாற்காலியில் உட்கார்ந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடைசிக் கவுண்டரில் அவள் முதுகும், மேசைமேல் இருந்த சின்னக் கருவியும் தெரிந்தன. அதன் முகப்பில் விளக்குகள்.

"எந்த வெளக்கு எரியணும்மா?" என்று பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"பச்சை."

முதலில் இடது கை. நான்கு விரலையும் வைத்தாள். சற்று நேரத்தில் பச்சை. பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வலது கை. சிவப்பு. கவுண்டர்ப் பெண் ஏதோ சொன்னார். செல்வி மறுபடியும் வைத்தாள். சிவப்பு. அந்தப் பெண் எழுந்து கருவியின் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். மூன்றாவது முறையும் சிவப்பு. பெரியப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். கண்ணைச் சிமிட்டவே இல்லை. அந்தப் பெண் செல்வியின் கையைத் தானே வாங்கி, விரல்களை உற்றுப் பார்த்தார். பிறகு தன் வாயருகே விரல்களை வைத்து ஊதிக் காட்டினார். செல்வி தன் விரல் நுனிகளில், கண்ணாடியைத் துடைக்க ஊதுவதுபோல, மூச்சை விட்டாள். வைத்தாள்.

நெடுநேரம் ஒன்றும் எரியவில்லை.

பிறகு பச்சை எரிந்தது.

கட்டைவிரல் இரண்டையும் வைத்தபோது பெரியப்பா பார்க்கவில்லை. துண்டால் முகத்தை மூடியிருந்தார். "அதுவும் பச்சைதான் பெரியப்பா" என்று நான்தான் சொன்னேன்.

வெளியே வந்த செல்வி, "மொத வாட்டி பாத்த அதே அம்மாதான்டி. காஞ்ச வெரலா இருந்தா வுழாது, லேசா ஊதிட்டு, அழுத்தாம வைன்னு சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். பெரியப்பா எங்களை ஒரு ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போனார். தனக்கு வேண்டாம் என்றவர், வந்ததும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று சொன்னார். திரும்பி வரும்போது செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் நிறுத்தம் வந்தபோது எழுப்ப மனமில்லாமல் நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவரும் எழுப்பவில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தோம்.

அதன் பிறகும் மாமா விடவில்லை. "இன்னொரு வாட்டி வான்னு கூப்ட்டா? தாள் கைக்கி வர்ற வரிக்கும் ஒண்ணும் தொடக்கூடாது" என்றார். இந்த முறை அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பயம் எல்லாருக்கும் இருந்தது.

ஆகஸ்ட் இருபத்தெட்டு, வியாழக்கிழமை, பதினொரு மணிக்குக் கூரியர் வந்தது. பெரியப்பா உறையின் ஓரத்தைக் கத்தியால் கிழித்து, பாஸ்போர்ட்டை மகளிடம் கொடுத்தார். அவள் பக்கங்களைத் தள்ளித் தள்ளி, நடுவில் நின்றாள். ஒரு பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது விசா. நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். பெயர், தேதி, மாணவர் என்ற சொல், எல்லாம் சரி. இரண்டாவது முறையும் படித்தேன்.

பெரியம்மா எட்டிப் பார்த்தார். "இந்தச் சீட்டுக்கா இத்தினி பாடு? போட்டோல சிரிக்காம நிக்கிறியேடி."

"சிரிக்கக்கூடாதும்மா. ரூல்ஸு."

"ஊருக்குப் போய்ச் சேந்துட்டு சிரிச்சிக்கினு ஒண்ணு எடுத்து அனுப்பு. இத நான் யாருக்கும் காட்டமாட்டேன்."

பெரியப்பா மச்சானுக்குப் போன் செய்தார். "வந்துடுச்சி குமரவேலு" என்றார். அந்தப் பக்கம் மாமா ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஆமாய்யா, ஒட்டிக் குடுத்துட்டான். கைல வச்சிக்கினுதான் பேசறேன்" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்தார். மாமா எங்கோ கம்பத்தடியில் நின்றிருந்தார்போல. லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

செவ்வாய்க்கிழமை விமானம். அதற்குள் வாங்க வேண்டியது, கட்ட வேண்டியது என்று பட்டியல் போட உட்கார்ந்தோம். நான் எழுதிக்கொண்டிருந்தபோது செல்வி எழுந்து போனாள். மதியம் சாப்பிட்ட பாத்திரங்களை எல்லாம் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. பெரியம்மா மட்டும் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, உள்ளேயிருந்தே சொன்னார்.

"அடிபுடிச்ச குண்டான் ஒண்ணு அடுப்பாண்ட கீது பாரு. அதயும் எடுத்துக்கினு போடி."